விருந்தாளிக்கு அரிசிம்பருப்பு

கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் நீ "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று நாலு தடவை சொல்வாய், நானும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவேன். நமக்கு அப்படியே பழகிவிட்டது. கடைசியாக நான் உனக்குக் கடிதம் எழுதியது நீ கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது. விடுதிச் சோறு எப்படி இருந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடு என்று அதில் எழுதியிருந்தேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் உன் அப்பனுக்கு என்றைக்கும் குறைவில்லை. இந்தக் கடிதத்தை நீ ஒருமுறை படித்துவிட்டுக் கவிதாவிடம் கொடு. மாத முடிவில் ஆஸ்பத்திரியில் கொடுக்கப்போவதாக அவள் சொல்லும் ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் இது அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புதன்கிழமை நீ கூப்பிட்டாய். உன் அம்மாவின் அடிபட்ட கையைப் பற்றி விசாரித்தாய், தோப்பைப் பற்றி விசாரித்தாய், பிறகு கடைசியில் ஏதோ மறந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னாய். "கவிதா வேலைய ராஜினாமா பண்றேங்கறாங்கப்பா. டூட்டியும் ஊடும் ரெண்டையும் சேத்திப் பாக்க முடியலியாம். புள்ளைக்கு ஒழுங்கா ஆக்கிப்போட முடியாத வேலை எதுக்குங்கறா." எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். நீ, "கொஞ்ச நாளாத்தானுங்கப்பா" என்றாய். "நீங்க வந்துட்டுப் போனதுல இருந்துதானுங்கப்பா" என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்ல உனக்கு நியாயம் இருந்தது. சொல்லாமல் விட்டாயே, அதற்கு முதலில் உனக்கு நன்றி. ஆனால் எனக்குத் தெரியும் கண்ணு. நான் அவ்வளவு மடையன் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் எர்ணாகுளத்துக்கு வந்து உங்களோடு ஒரு வாரம் இருந்தேன் அல்லவா. வந்த அன்று சாயங்காலம் கவிதா லேப் டூட்டி முடிந்து ஆறரைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக பேத்தி மித்ராவுக்கு முகம் கழுவிவிட்டு, குக்கரை அடுப்பில் வைத்து, ஏழேகாலுக்கெல்லாம் தட்டைப் போட்டுவிட்டாள். அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்த அரிசிம்பருப்பு, ஆளுக்கொரு முட்டை, கேரட் துருவிப் போட்ட தயிர். மேலே நெய் ஊற்றி ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளை ஊட்டாமலே தானாக அள்ளிச் சாப்பிட்டது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "ஏனம்மணி, மாமனாரு வந்த அன்னைக்குமா ஒரே சட்டிச் சோறு?" சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டுதான், "இல்லீங்க மாமா, நாளைக்கு நல்லாச் செஞ்சர்றனுங்க" என்றாள். மறுநாளிலிருந்து கோழி கூப்பிடும் முன்னே எழுந்து குழம்பு, ரசம், இரண்டு பொரியல், அப்பளம் என்று ஆறு நாளும் செய்தாள். நான் அதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, ஒரு சொல்லுக்கு மருமகள் எப்படி மாறிவிட்டாள் பார் என்று ரயிலில் சந்தோஷமாக ஊர் வந்து சேர்ந்தேன். நான் வந்த பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை என்பது புதன்கிழமைதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் நீ தினமும் மித்ராவின் டிபன் டப்பாவைக் கழுவினாய், வெங்காயம் உரித்தாய். படித்து வேலைக்குப் போகிற என் மகன் பாத்திரம் தேய்க்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் இருந்திருக்கும். அந்த முகத்தையும் கவிதா பார்த்திருப்பாள்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. நீ நாலாவது படிக்கும்போது உன் அம்மா நம்மூர்ப் பால் சங்கத்தில் பால் எடுக்கும் வேலை பார்த்தாள். காலையிலும் சாயங்காலமும் பாலை அளந்து, லேக்டோமீட்டர் போட்டுப் பார்த்து, நோட்டில் ஏற்றுவாள். தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவர்கள் அவளைக் கண்டால் நெளிவார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகளெல்லாம் "சங்கத்தம்மா" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த இரண்டு வருடம் அவள் நடக்கிற நடையே வேறாக இருந்தது. பிறகு முதுகுவலி என்று வேலையை விட்டுவிட்டாள் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். முதுகுவலியும் இல்லை, ஒன்றும் இல்லை. விட வைத்தவன் நான்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு நாள் மத்தியானம் என் அக்காவும், அவள் வீட்டுக்காரரான உன் பொள்ளாச்சி மாமாவும் சொல்லாமல் வந்து நின்றார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். ஒறம்பரை வந்தால், அதாவது சொந்தக்காரர் விருந்தாக வந்தால், இலை நிறைய வேண்டும். குழம்பு தனி, ரசம் தனி, பொரியல் தனி, பாயசமோ வடையோ ஏதாவது ஒன்று. அரிசிம்பருப்பு என்பது அடைமழை நாளில், வேறு ஒன்றும் ஆக்க முடியாதபோது வீட்டு மனிதர்கள் மட்டும் தின்கிற சோறு. அதை ஒறம்பரைக்குப் போட்டால் வந்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம், அல்லது அந்த வீட்டுக்காரன் கையாலாகாதவன் என்று அர்த்தம். அன்று உன் அம்மா மூன்று மணிக்குச் சங்கத்துக்குப் போயாக வேண்டும். இருந்த அரிசிம்பருப்போடு தயிரும் ஊறுகாயும் வைத்து, இரண்டு அப்பளம் பொரித்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். மாமா தட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, உங்கூர்ல அடைமழையா?" என்றார். அக்கா சிரித்தாள். எனக்கு மானம் போய்விட்டது. அவர்கள் கிளம்பிய பிறகு உன் அம்மா வந்ததும் வாசலிலேயே கேட்டேன். "சங்கம் முக்கியமா, ஊடு முக்கியமா? இன்னைக்கே சொல்லு." அடுத்த வாரம் அவள் சங்கத்துச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் மூன்று வேளையும் சுடுசோறு, குழம்பு, ரசம், பொரியல். நானும் அதைத்தான் குடும்பம் நடத்துகிற லட்சணம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

உங்களைப் பார்த்துவிட்டு வந்த இரண்டாவது வாரம் உன் அம்மா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். நீ ஓடிவந்து பார்த்துவிட்டு, சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றாய். நான் வீறாப்பாக, "எதுக்குடா ஆளு? சோறாக்கறது என்ன மலையப் பொரட்டற வேலையா?" என்றேன். உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்து அன்றே சமையலறைக்குள் போனேன். முதல் நாள் அரிசியும் பருப்பும் குக்கரில் போட்டு முக்கால் மணி நேரம் விசிலுக்குக் காத்திருந்தேன். விசில் வரவே இல்லை. உன் அம்மா முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஏனுங்க, குண்டு போட்டீங்களா?" என்று கேட்டாள். குக்கர் மூடிமேல் போடும் குண்டு ஜன்னல் ஓரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அன்று மத்தியானம் கருகின வாசனையோடு மோர் குடித்துவிட்டுப் படுத்தோம்.

இரண்டாம் நாள் என் பழைய சட்டப்படி குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் செய்யப் பார்த்தேன். காலையில் ஆறு மணிக்கு உள்ளே போனவன் பத்து மணிக்கு வெளியே வந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை, தேங்காய் போடும் ஆள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார், இடுப்பு இரண்டாக ஒடிந்துவிட்டது. கழுவ வேண்டிய பாத்திரம் மட்டும் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகும். இரண்டு பேர் சாப்பிட இத்தனை போசியா என்று எனக்கே கோபம் வந்தது. உன் அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். "சிரிக்காத" என்றேன். "சிரிக்கலீங்க, சும்மா பாத்துட்டு இருக்கறனுங்க" என்றாள். மூன்றாம் நாள் நான் சரணடைந்தேன். "சித்தெ லேசா, நல்லதா, சீக்கிரமா ஆகற மாதிரி ஏதாச்சும் சொல்லு" என்று கேட்டேன். அவள் சொன்னது வேறு எது? அரிசிம்பருப்புதான்.

இப்போது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடவே துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஊறப்போட்டுவிட்டு வெங்காயம் உரித்தால் நேரம் சரியாக இருக்கும். எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள். மூன்றேகால் டம்ளர் தண்ணீர், உப்பு, மூன்று விசில். குண்டு போட மறக்கக் கூடாது. கைப்பிடி முருங்கைக்கீரையையும் அதிலேயே போட்டுவிட்டால் பொரியல் தனியாக வேண்டாம். தினமும் இதுவே என்றில்லை. பச்சைப்பயறை வெங்காயம், பச்சை மிளகாயோடு வேகவைத்து மத்தால் ஒரு கடை கடைந்தால் சோற்றுக்கும் ஆச்சு, தோசைக்கும் ஆச்சு. தட்டப்பயறை ராத்திரியே ஊறப்போட்டால் காலையில் கத்தரிக்காயோடு அரைமணியில் குழம்பு. ராகி மாவைக் கரைத்து வைத்தால் விடிந்ததும் கூழ், மோர் ஊற்றிக் குடித்துவிட்டு ஓடலாம். பெரும்பாலும் வீட்டில் கிடக்கிற பண்டம்தான், கடைக்குப் போக வேண்டியது தக்காளிக்கு மட்டும். இந்த ஆறு வாரத்தில் என் வயிற்றுப் பொருமல் போன இடம் தெரியவில்லை. தினமும் நாலு கறியோடு சாப்பிட்டபோது தீராத பொருமல் அது.

ஒரு நாள் சீரக டப்பாவைத் தேடினேன். அதற்குப் பின்னால் பழைய துண்டில் ஏதோ சுற்றி வைத்திருந்தது. பிரித்தால் லேக்டோமீட்டர். இத்தனை வருடமாக அடுப்படியில், தான் தினமும் கை நீட்டுகிற இடத்தில் அதை வைத்திருந்திருக்கிறாள். நான் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "அத அப்படியே வெச்சிருங்க, கண்ணாடி" என்றாள். அப்படியே வைத்தேன். அன்று மத்தியானம் நான் ஆக்கிய அரிசிம்பருப்பை இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். "நெம்ப நல்லாருக்குதுங்க" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், சிரித்த முகமாக, "அன்னைக்குப் பொள்ளாச்சி அண்ணன் முன்னாடி நீங்க இதுல ரெண்டு வாய் ருசிச்சுத் தின்னிருந்தீங்கன்னா, நா இன்னேரம் சங்கத்துல ரிட்டையர்டு ஆகி மாலை வாங்கிருப்பனுங்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனோ என்னவோ. போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி மாமா வந்தார். உன் அம்மாவின் கையைப் பார்க்க, ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு, எப்போதும் போலச் சொல்லாமல், சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு. குக்கரில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்கு வண்டியில் போய்ப் பரோட்டா வாங்கி வரலாமா என்று உன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தட்டை எடுத்து வைத்து அதையே போட்டேன். மேலே நெய் ஊற்றி, பக்கத்தில் தயிர், ஊறுகாய், அப்பளம். அதே தயிர், அதே ஊறுகாய், அதே அப்பளம். மாமா அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். தட்டை வழித்துவிட்டு, "மாப்ள, இன்னொரு கரண்டி போடு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன். "அன்னைக்கு இதையப் பாத்துத்தான அடைமழையான்னு கேட்டீங்க?" அவர் யோசித்துப் பார்த்தார். அவருக்கு அப்படிச் சொன்னதே நினைவில்லை. "வெளையாட்டுக்குச் சொல்லிருப்பேன் மாப்ள. ஆனா அந்தச் சோறு நெனப்பிருக்குது. ஊட்டுக்குப் போயி, தங்கச்சி ஆக்கற மாதிரி ஆக்கிப்போடுன்னு உங்கக்காகிட்டச் சண்டையே போட்டிருக்கறேன். அவளுக்கு இந்தப் பக்குவம் வரவே இல்ல" என்றார்.

உன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாமாவுக்கு மோர் வேண்டுமா என்று கேட்டாள். கண்ணு, ஒருவர் வாயிலிருந்து விளையாட்டாக விழுந்து, அவரே மறந்துபோன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் அவளுடைய வேலையைப் பறித்திருக்கிறேன். சாப்பிட்டவருக்குக் குறையில்லை, ஆக்கியவளுக்குக் குறையில்லை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவனுக்குத்தான் கௌரவம் குறைந்துவிட்டது. அது நடந்து மூன்றாம் நாள், அதாவது புதன்கிழமை, நீ கூப்பிட்டு ராஜினாமா என்றாய். போனைக் கையில் பிடித்துக்கொண்டே உன் அம்மாவைப் பார்த்தேன். "இந்தத் தடவையாச்சும் நேரத்துல சொல்லிப்போடுங்க" என்றாள். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இனிமேல் எழுதுவது கவிதாவுக்கு. அம்மணி, அன்று நீ போட்டது நல்ல சோறு. பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, முக்கால் மணி நேரத்தில், பிள்ளை தானாக அள்ளித் தின்கிற மாதிரி ஒரு சோறு ஆக்கத் தெரிந்தவளைப் பார்த்து நான் குறை சொன்னேன். அந்தக் குறை என்னுடையது, உன்னுடையது இல்லை. என்னை மன்னித்துவிடு. வேலையை விடுவதும் தொடர்வதும் உன் இஷ்டம், அதில் சொல்ல எனக்கு வாயில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று விட்டால் சரி, வேறு நல்ல வேலை கிடைத்தது என்று விட்டாலும் சரி. ஆனால் ரசம் தனியாக வைக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் விடாதே. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி அதற்காக விட்டுவிட்டாள், அந்த ஒரு வேலையையே என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. என் பேத்திக்கு நீ ஆக்கிப்போடுவது போதும், போதுமானதற்கு மேலேயே இருக்கிறது. என் மகனைப் பட்டினி போடாமல் வைத்திருப்பதற்கும், அந்த ஒரு வாரம் என் அதிகாரத்தையெல்லாம் முகம் கோணாமல் பொறுத்துக்கொண்டதற்கும் உனக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

உனக்கும்தான் கண்ணு. நீ வெங்காயம் உரித்ததைப் பார்த்து வயிறு எரிந்தவன், இப்போது தினமும் கண்ணீர் வடித்துக்கொண்டு உரிக்கிறேன். தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தால் அவ்வளவு எரியாது, உன் அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு உரித்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடு, தேங்காயையும் துருவி வைத்துவிடு. அந்த இரண்டும் கையில் இருந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. என் அப்பனிடம் நான் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாததை, என்னிடமும் பார்க்காமலே நீ கற்றுக்கொண்டிருக்கிறாய். யாரிடம் கற்றாய் என்று கேட்க மாட்டேன். சங்கத்திலிருந்து அம்மா வருவதற்குள் சின்னப் பையனாக நீயே தட்டெல்லாம் கழுவி வைப்பாய், அது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

உன் அம்மாவுக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை வண்டியில் இருவரும் வருகிறோம். அன்று கவிதாவுக்கு டூட்டி இருந்தால் லீவு போட வேண்டாம், போகட்டும். நீ எங்களைக் கூப்பிட ஸ்டேஷனுக்கு வந்தால் போதும். சாயங்காலம் அவள் வரும்போது சோறு தயாராக இருக்கும், அன்று வீட்டுக்கு வருகிற ஒறம்பரை அவள்தான். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும், நான் போடுகிறேன். முருங்கைக்கீரையும் தேங்காயும் இங்கிருந்து கொண்டுவருகிறேன். நீ வேறெதுவும் வாங்கி வைக்க வேண்டாம். குக்கரின் குண்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வை.

உன் அப்பா